திரு. அனானி அவர்களே வருக

அந்த ஞாயிற்றுக்கிழமை கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து ஒரு தொகுப்பாளர், வலைப்பூ எழுத்துகளைப் புத்தகமாகத் தொகுப்பவர். அவரோடு ஒரு சாஃப்ட்வேர் இளைஞர், கழுத்தில் கேமரா. கடலூரிலிருந்து ஒரு வங்கி அதிகாரி. பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருந்து, விடுமுறைக்குப் புதுச்சேரியில் தாய்வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மாள். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். இவர்களோடு அப்பா, அம்மா, நான். வராதவர்கள் ஒரு பத்துப் பேர் இருப்பார்கள். 'கண்டிப்பாக வருகிறேன்' என்று இணையத்தில் எழுதிவிட்டு, வரமுடியவில்லை என்று ஒரு வரி எழுதாதவர்கள். அவர்களுக்காக அப்பா வாடகைக்கு எடுத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் ஷாமியானாவுக்குக் கீழே காலியாகவே கிடந்தன.

வந்தவர்கள் விருந்துக்கு வரவில்லை. நான் நிஜமான ஆள்தானா என்று சோதிக்க வந்தார்கள். இதை எழுத உட்கார்ந்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

அப்போது நான் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் ரிப்போர்ட், எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. தளம் போடுவதற்கு முன் பலகை அடித்து, அடியில் முட்டுக் கொடுத்து, கான்கிரீட் இறுகியதும் பிரித்தெடுப்பது. அம்மா கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிப்பாள். எங்கள் குடும்பத்தில் வாசலில் போட்டுவிட்டுப் போகும் கரண்ட் பில்லைத் தானே படித்த முதல் ஆள் நான். அதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போவார்கள். பள்ளிக்கூடம் முடித்து, தமிழில் பி.ஏ.வும் முடித்தேன். எங்கள் தெருவில் அது பெரிய படிப்பு. கடைத்தெருவில் அது டைப்பிங் வேலை.

மதியம் ஒரு மணிக்கு முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். நாலு மணிக்குத்தான் திரும்ப வருவார். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் எனக்கு. "கரண்ட்டும் நெட்டும் என்னுது, தமிழ் மட்டும்தான் ஒன்னுது. பாத்து செலவு பண்ணு" என்பார். அப்படித்தான் என் வலைப்பூ ஆரம்பித்தது.

ஃபேஸ்புக் எல்லாம் அப்போது எங்களிடம் வந்திருக்கவில்லை. வலைப்பூதான் எல்லாம். யார் எதை எழுதினாலும் அதைப் பிடித்து ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டும் தளங்கள் இருந்தன, திரட்டி என்போம். அங்கே மேலே நிற்க வேண்டுமானால் நிறையப் பின்னூட்டம் விழ வேண்டும். பின்னூட்டம் என்பது மொய். நீ எனக்கு 'அருமை' என்று எழுதினால் நான் உனக்குக் 'கலக்கல்' என்று எழுதியாக வேண்டும். படித்தோமா இல்லையா என்பது வேறு விஷயம். கல்யாண வீட்டில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்காமல் மொய் மேசையோடு திரும்புகிறவர்கள் இல்லையா, அதுபோல. எனக்கு அது வரவில்லை. ஒருவர் எழுதியதை முழுக்கப் படித்தேன், தோன்றியதை எழுதினேன், தோன்றாதபோது சும்மா இருந்தேன். அதனால் எனக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் வந்தவர்கள் படித்தார்கள். மெதுவாக, நாலு பேர் எட்டுப் பேராகி, யாரோ மலேசியாவிலிருந்து, யாரோ நெய்வேலியிலிருந்து, 'உங்க அம்மாவுக்குக் கை வலி எப்படி இருக்கிறது' என்று கேட்டு எழுதுகிற அளவுக்கு வந்தது.

மற்றவர்களுக்கெல்லாம் புனைபெயர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆந்தை, குழந்தை, பூ, சூரிய உதயம். நான் என் பெயரையும் என் படத்தையும் போட்டேன். ஊரையும் தெருவையும் போட்டேன். மறைத்துக்கொள்ள என்னிடம் உத்தியோகமும் இல்லை, ஒன்றும் இல்லை. தவிர, எங்கள் குடும்பத்துப் பெயர் எதிலாவது எழுத்தில் நிற்கட்டும் என்ற ஆசை. ரேஷன் கார்டையும் வாக்காளர் பட்டியலையும் தவிர அது வேறெங்கும் இருந்ததில்லை.

தளம் போடும் நாளைப் பற்றி ஒன்று எழுதினேன். மேலே கான்கிரீட் கொட்டும்போது, கீழே முட்டுகளுக்கு நடுவே ஓர் ஆள் நிற்க வேண்டும். மரம் முனகுகிறதா, ஆப்பு நழுவுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கத்த வேண்டும். அந்த ஆள் எப்போதும் என் அப்பா. அவர் தலைக்கு மேல் கொட்டப்படும் கனத்தைப் பற்றியும், மாலையில் வீட்டுக்காரர் கொடுக்கும் பிரியாணிப் பொட்டலத்தை அவர் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவதைப் பற்றியும் எழுதினேன். அது பரவியது. யார் யாரோ சுட்டி கொடுத்தார்கள்.

அப்போதுதான் தொகுப்பாளர் வந்தார். அவர் வலைப்பூ உலகத்தில் பெரிய கை. அவர் ஒரு வரி சொன்னால் நூறு பேர் போய்ப் பார்ப்பார்கள். சென்னையில் ஒரு சிறு பதிப்பகம் வலைப்பூ எழுத்துகளைப் புத்தகமாகப் போடுகிறது, உங்களுடையது இரண்டு வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பினார். அச்சில் புத்தகம்! வீட்டில் சொன்னேன்.

"பொஸ்தகத்துல என் பேரு வருமாடா?" என்றார் அப்பா.

"வரும்பா. ஒன்னப் பத்திதான எழுதியிருக்கேன்."

"கடன்காரன் எவனாவது படிச்சிறப் போறான்" என்றாள் அம்மா. ஆனால் மறுநாளே விடுதியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

அதன் பிறகுதான் அனானி. பெயர் போடாமல் பின்னூட்டம் எழுதுகிறவர்களை அனானி என்போம். ஒரு மதியம் கடையில் திறந்து பார்க்கிறேன், இப்படி இருந்தது: 'சென்ட்ரிங் வேலைக்காரரின் மகன் "எனினும்" போட்டு எழுதுவாரா? யாரோ பேராசிரியர் ஏழை வேஷம் கட்டுகிறார். ஏமாறாதீர்கள்.'

சிரித்துக்கொண்டே பதில் எழுதினேன். பி.ஏ. தமிழ் படித்திருக்கிறேன், 'எனினும்' தெரியும் என்று. அது தப்பாகப் போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டார்கள். படித்தவர் என்றால் ஏன் டைப்பிங் வேலை? டைப்பிங் வேலை என்றால் எப்படி இந்த நடை? தினமும் அனானி வந்தார். அவர் பின்னால் பெயருள்ளவர்களும் வந்தார்கள். அப்பா சாரத்தில் நிற்கும் படத்தைப் போட்டேன். 'எங்கிருந்து டவுன்லோட் செய்தீர்கள்?' என்றார்கள். ஒருவர் ரேஷன் கார்டை ஸ்கேன் செய்து போடச் சொன்னார். ஆந்தைப் படத்துக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. குழந்தை யாருடையது என்று கேட்கவில்லை. முகத்தைக் காட்டியவனிடம்தான் அடையாள அட்டை கேட்டார்கள். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டில் ஒரு பொத்தான் உடைந்தது. முதலாளி சம்பளத்தில் பிடித்தார்.

தொகுப்பாளர் கடைக்குப் போன் செய்தார்.

"தம்பி, எனக்கு உங்க மேல முழு நம்பிக்கை. ஆனா பதிப்பகத்துல தயங்குறாங்க. நாளைக்கு போலின்னு ஆயிட்டா புத்தகத்துக்கே கெட்ட பேரு பாருங்க. ஒண்ணு பண்ணுவோம். பாண்டியிலயே ஒரு பதிவர் சந்திப்பு. உங்க வீட்லயே வச்சுக்குவோம். அப்பா அம்மாவையும் பாத்துட்டா விஷயம் முடிஞ்சுது."

பீச்சில் வைத்துக்கொள்ளலாமே என்றேன். "வீடுதான் தம்பி முக்கியம்" என்றார்.

அறிவிப்பு எழுதினேன். 'வருகிறேன்' என்று பதினைந்து பேர் வரை எழுதினார்கள். அனானியும் எழுதினார்: 'நானும் வருவேன்.'

வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டாள். "எதுக்கு வராங்க?"

"என்னப் பாக்க."

"ஒன்னப் பாத்து என்னா ஆவப் போவுது?"

"எழுதுனது நாந்தானான்னு பாக்கணுமாம்."

"நீ இல்லாம எவன் எழுதுவான்? அவன் அப்பனா வந்து முட்டு குடுத்தான்?"

அப்பா அந்தப் பேச்சுக்கே வரவில்லை. அவருக்கு ஒரே கவலைதான். "மெட்ராஸ்லேர்ந்து வராங்க. வெறும் டீயக் குடுத்து அனுப்புவியா? பதினஞ்சு பேருன்னா மூணு கிலோ கறியாவது வேணும். நாற்காலி நான் பாத்துக்கறேன். நீ எழுதுற வேலையப் பாரு."

ஞாயிறு காலை வாழை இலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். தெருமுனையில் சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

டிஜிட்டல் பேனர். ஒரு வீட்டுச் சுவர் அகலம். நடுவில் நான். கல்லூரி அடையாள அட்டைப் படத்திலிருந்து வெட்டிய என் தலை, அதற்குக் கீழே யாருடையதோ கோட்டும் டையும். பின்னால் உலக உருண்டை. 'அகில உலக இணையதள எழுத்தாளர்' என்று என் பெயர். கீழே, 'எங்கள் இல்லம் நாடி வரும் எழுத்துலகச் செம்மல்களே, வருக! வருக!' என்று போட்டு, வட்டம் வட்டமாகப் படங்கள். அப்பா பேனர் கடைக்காரரிடம் என் வலைப்பூவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் அறிவிப்பைத் திறந்து, 'வருகிறேன்' என்று எழுதியிருந்தவர்களின் படத்தையெல்லாம் அப்படியே இறக்கிவிட்டார். முதல் வட்டத்தில் ஆந்தை. அடுத்ததில் விரல் சூப்பும் குழந்தை. ஒரு காப்பிக் கோப்பை. சூரிய உதயம். ஓரத்தில் கண் மூக்கு இல்லாத ஒரு சாம்பல் நிறத் தலை. அதற்குக் கீழே, 'திரு. அனானி அவர்களே'.

"யாரக் கேட்டுப்பா வச்ச?"

ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார் அப்பா. "யாரக் கேக்கணும்? முன்னாடியே பேசிட்டேன், அந்த எடத்துல கட்சிக்காரன் பேனரு எறங்கிடுச்சி. காதுகுத்துக்கு வெக்கிறான், மஞ்சத்தண்ணிக்கு வெக்கிறான், செத்தா வெக்கிறான். எம்புள்ள பொஸ்தகத்துல எழுதறான், நான் வெக்கக் கூடாதா?"

பின்னாலேயே அம்மா. "அது இருக்கட்டும், தெருமொனையில எவன்டா ஆந்தைய வச்சது? நல்ல நாளும் அதுவுமா!"

"அது ஒரு பேங்க் ஆபீசரும்மா."

"பேங்க் ஆபீசருக்கு மூஞ்சி இல்லியா?"

சாம்பல் தலையைக் காட்டி அப்பாவிடம் சொன்னேன். "இது யாருன்னு தெரியுமா? நம்மளப் பொய்யின்னு சொன்னவன். நீ என் அப்பாவே இல்லன்னு எழுதுனவன். அவனுக்குத் திரு போட்டு வச்சிருக்க."

"சொன்னா சொல்லிட்டுப் போறான். வந்து பாத்தா தெரிஞ்சிடப் போவுது. வாசல்ல பேரு போட்டுக் கூப்புட்டவங்கிட்ட எவனும் சண்ட போட மாட்டான்டா."

அவிழ்க்க நேரமில்லை. கார் வந்துவிட்டது.

கடலூர்க்காரர் ஆந்தையைப் பார்த்ததும் கன்னம் சிவந்து சிரித்தார். "எங்க மேனேஜர் இந்தப் பக்கம் வராம இருக்கணும்" என்றார். பாரிஸ் அம்மாள் காப்பிக் கோப்பைக்குக் கீழே நின்று படம் எடுக்கச் சொன்னார். "மோன் தியோ, எனக்குக் கல்யாணத்துக்கே யாரும் பேனர் வைக்கல!" தொகுப்பாளர் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இது யாரோட ஏற்பாடு?" என்றார்.

"எங்க அப்பா வச்சது சார்."

"அப்படியா" என்றார். அந்த 'அப்படியா' எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் விசாரணை தொடங்கியது. எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள்? கடையில் என்றேன். அப்படியானால் இங்கே என்ன செய்வீர்கள்? படிப்பேன் என்றேன். தொகுப்பாளர் அலமாரியில் இருந்த பத்துப் பதினைந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் பக்கத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்தார். சாஃப்ட்வேர் இளைஞர் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் படம் எடுத்தார். அம்மாவின் பாத்திரங்களை எடுத்தார். அப்பாவின் சுத்தியலையும் ஆணி பிடுங்கும் கம்பியையும் தரையில் கொஞ்சம் நகர்த்தி வைத்து, வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்து, எடுத்தார். "செம ராவா இருக்கு பாஸ்" என்றார்.

தொகுப்பாளர் அம்மாவிடம் திரும்பினார். "அம்மா, பையன் என்ன எழுதுறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"படிச்சிக் காட்டுவான் சார். நான் பாதியில தூங்கிடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு அப்பாவை உட்காரவைத்து, தளம் போடும் கதையை அவர் வாயால் சொல்லச் சொன்னார்கள். ஒரு சின்ன ரெக்கார்டரை அவர் முன்னால் வைத்தார்கள். அப்பாவுக்கு இப்படிக் கேட்டவர்கள் யாரும் இருந்ததில்லை. கையை ஆட்டி, எழுந்து நின்று, சுவரில் காது வைத்துக் காட்டிச் சொன்னார். "மரம் ஒடையறதுக்கு முன்னாடி பேசும் சார். ணொய்யுன்னும். அப்ப வுடணும் ஓட்டம். மேல இருக்கறவன் கொட்டிகினே இருப்பான், அவனுக்கு என்னா தெரியும்?" நன்றாகத்தான் சொன்னார். எனக்கே கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. தொகுப்பாளர் தொடையில் தட்டினார். "கேட்டீங்களா! இதுதான்யா எழுத்து!"

சொல்லிவிட்டு என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. இங்கயே ஒரு பத்தி எழுதிக் காட்டுங்க. எத வேணா எழுதுங்க. சும்மாதான்."

என் வீட்டில், என் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எனக்குப் பரீட்சை வைத்தார். கடலூர்க்காரர் தரையைப் பார்த்தார். பாரிஸ் அம்மாள்தான், "இது என்ன மிஸ்யே, பள்ளிக்கூடமா?" என்றார். தொகுப்பாளர் காதில் வாங்கவில்லை. தாளைக் கிழித்து எறிந்திருக்க வேண்டும் என்று அன்று தொடங்கி ஆயிரம் முறை நினைத்திருக்கிறேன். ஆனால் என் அப்பா கதவோரம் நின்றிருந்தார். பள்ளி ஆண்டு விழாவில் நான் மேடையேறும்போது நிற்பாரே, அதே முகம். அவருக்கு அது பரீட்சையாகத் தெரியவில்லை. மகன் எழுதப்போகிறான், பெரிய மனிதர்கள் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். எழுதினேன். அம்மா துவைத்த விரிப்பைப் பற்றி ஒரு பத்தி. தொகுப்பாளர் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு சொல் இல்லை.

ஷாமியானாவுக்குக் கீழே இலை போட்டோம். கறிக்குழம்பு, ரசம், வடை. நாலு பேருக்கு முன்னால் பதினைந்து பேருக்கான சட்டி. அங்கிருந்து பார்த்தால் பேனர் தெரியும். சாஃப்ட்வேர் இளைஞர் வடையைக் கடித்துக்கொண்டே அதைப் பார்த்துச் சிரித்தார்.

"தல, எங்க எல்லாரையும் போட்டாங்க, உங்க படத்தக் காணோமேன்னு பாத்தேன். ஓரத்துல போட்டிருக்காங்க பாருங்க."

சாம்பல் தலையைக் காட்டினார்.

தொகுப்பாளர் இலையிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வை போதுமானதாக இருந்தது. கடலூர்க்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். பாரிஸ் அம்மாள் கேட்டார். "நீங்களா அந்த அனானி?"

அவர் மறுக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. வெட்கப்படக்கூட இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே விளக்கம் சொன்னார். "அதெல்லாம் ஒரு விவாதத்தக் கிளப்புறதுக்காகங்க. எதிர்ப்பு இருந்தாத்தானே நாலு பேர் எட்டிப் பாப்பான். புத்தகம் வரும்போது பேரு தெரிஞ்சிருக்கும்ல? உங்களுக்கும் ஹிட்ஸ் ஏறுச்சா இல்லையா தம்பி? உண்மையச் சொல்லுங்க."

ஏறியிருந்தது. உண்மைதான். என் பக்கத்தின் அடியில் இருந்த எண்ணிக்கைப் பெட்டி அந்த வாரங்களில் ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடியிருந்தது. என் அம்மாவை அம்மாவா என்று கேட்டதற்கு, என் அப்பாவை வாடகை அப்பா என்று சொன்னதற்குக் கிடைத்த ஏற்றம்.

ரசத்தோடு அப்பா வந்தார். பாதிதான் அவர் காதில் விழுந்திருந்தது.

"யாரு சார், அனானி சார் வந்துட்டாரா? எங்க?"

சாஃப்ட்வேர் இளைஞர் தொகுப்பாளரைப் பார்த்தார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, அவருக்குப் புரிந்த மாதிரி.

"நீங்கதானா சார் அது? மொதல்லயே சொல்லக் கூடாதா? ஒங்க போட்டோதான் கெடைக்கலன்னு பேனர் கடைக்காரரு ரொம்ப வருத்தப்பட்டாரு. தப்பா எடுத்துக்காதீங்க. எலையில ஒன்னுமே இல்லியே, கறி போடும்மா சாருக்கு!"

அம்மா போட்டாள். அவளுக்கு விஷயம் புரிந்திருந்தது என்று கரண்டி பிடித்த கையில் தெரிந்தது. எலும்பாகப் பார்த்துப் போட்டாள்.

கை கழுவியபின் தொகுப்பாளர் என்னைத் தனியாக அழைத்து, தோளில் கை போட்டார். நான் போலி இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம். ஆனால் ஒரு யோசனை. என் நடை கொஞ்சம் புத்தகத்தனமாக இருக்கிறது, மண் இல்லை. அப்பா பேசியதுதான் சொத்து. அதை அவர் கேட்டு எழுதி, 'ஒரு சென்ட்ரிங் தொழிலாளி பேசுகிறார்' என்று போட்டுவிடலாம், தொகுப்பாளரின் பதிவாக. என் பெயருக்கு நன்றிப் பக்கத்தில் இடம் உண்டு.

"நான் எழுதுனது சார்?"

"அது இருக்கட்டும் தம்பி. நீங்க இளைஞர். இன்னும் எழுதுவீங்க."

என் அப்பாவின் பேச்சை நம்பினார். அவர் மகன் எழுத்தை நம்பவே முடியவில்லை அவரால். கண்ணெதிரே எழுதிக் காட்டியும் முடியவில்லை. எங்கள் வீட்டில் ஒருவன் பேசலாம், இன்னொருவர் வந்து அதை எழுத வேண்டும். நானே எழுதிவிட்டால் அவருக்கு அங்கே வேலை இல்லை.

"நான் எழுதுனத என் பேர்ல போடுங்க. இல்லன்னா ஒன்னும் வேணாம். எங்க அப்பா பேசுனதயும் அழிச்சிடுங்க" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

"எமோஷனல் ஆகாதீங்க."

"அழிச்சிட்டுப் போங்க சார்."

அப்பா ஓடி வந்தார். "என்னாடா, வந்தவங்களப் போயி மொறச்சிகினு நிக்கிற? படிச்சவன் பேசற பேச்சா இது?" என்று எல்லார் எதிரிலும் என்னைத் திட்டிவிட்டு, தொகுப்பாளரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "சின்னப் பையன் சார். மனசுல வச்சிக்காதீங்க." அந்தக் கும்பிடுக்காக நான் எவரையும் மன்னிக்கப்போவதில்லை.

ரெக்கார்டரில் இருந்ததை அழித்துக் காட்டியவர் பாரிஸ் அம்மாள். மேசையில் கிடந்ததை எடுத்து, பொத்தானை அழுத்தி, "வுவாலா, போச்சு" என்று தொகுப்பாளர் கையில் கொடுத்தார். அம்மாவிடம், "வரேன் யக்கா, கொழம்பு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார். மற்றவர்கள் காரில் போனார்கள். நாற்காலிக் கடைக்காரர் வந்து, உட்காரப்படாத நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

புத்தகம் வந்தது. அதில் நான் இல்லை. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரியாதது, அதற்கு முன் தொகுப்பாளர் தன் வலைப்பூவில் போட்ட பதிவு. 'புதுச்சேரியில் ஒரு பேனர் கலாச்சாரம்' என்று தலைப்பு. எங்கள் தெருமுனை, கோட்டுப் போட்ட என் தலை, ஏணியோடு நிற்கும் அப்பா. எளியவர் என்று சொல்லிக்கொள்பவருக்கு இவ்வளவு விளம்பர வெறியா என்று கேட்டிருந்தார். படத்தை வெட்டியிருந்தார், ஓரத்துச் சாம்பல் தலை அதில் இல்லை. அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுவாகத்தான் இருக்கும். சிரிப்புக் குறிகள் பக்கம் பக்கமாகப் போயின. ஆந்தைக்காரர் மட்டும், 'நான் அங்கே இருந்தேன், நடந்தது இது இல்லை' என்று எழுதினார். அதைக் காலையில் பார்த்தேன். மதியம் அது இல்லை.

அப்பாவுக்குக் காட்டவில்லை. ஆனால் பேனர் கடைக்காரர் காட்டிவிட்டார், தன் வேலை இணையத்தில் வந்திருக்கிறது என்ற பெருமையில். அப்பா படத்தைப் பார்த்திருக்கிறார். எழுத்தை என்னிடம் கேட்டார்.

"என்னாடா போட்டிருக்காரு?"

"விருந்து நல்லா இருந்துச்சுன்னு போட்டிருக்காரு."

"பாத்தியா? நீதான் மொறச்ச."

அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் அந்தத் தொகுப்பாளருக்காகச் சொல்ல வேண்டியிருந்தது.

எண்ணிக்கைப் பெட்டியை என் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். பெயரில்லாத பின்னூட்டங்களை அடைத்தேன். மலேசியாக்காரரும் நெய்வேலிக்காரரும் இன்னும் சிலரும் தங்கினார்கள். கூட்டம் போனது. நடந்ததை நடந்தபடி, என் பெயரில், என் நடையில், 'எனினும்' போட்டே எழுதினேன். பேனரின் முழுப் படத்தையும் போட்டேன், சாம்பல் தலையோடு.

அதற்கு வந்த முதல் பின்னூட்டம் பெயரோடுதான் வந்தது. யாரென்று தெரியாது. 'கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஷாமியானா, பேனர், கறி விருந்து, இதற்கெல்லாம் பணம் கொடுத்தது யார்? பின்னணியில் இருப்பது எந்த அமைப்பு? சொல்லுங்கள் பார்ப்போம்' என்று கேட்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் செலவைக் கேட்டேன். "விருந்துக்குப் போயி எவனாவது கணக்குப் பாப்பானாடா?" என்று கோபித்தார். அம்மாதான் விரல் மடக்கிச் சொன்னாள். கறி, அரிசி, நாற்காலி, ஷாமியானா, பேனர், பேனர் வைக்கும் இடத்துக்குக் கட்சிக்காரருக்குக் கொடுத்தது, அப்பா வேலைக்குப் போகாத இரண்டு நாள் கூலி, அவள் போகாத ஒரு நாள் கூலி. மறுநாள் மதியம், ஷட்டர் பாதி இறங்கிய கடையில் உட்கார்ந்து, அவருக்குப் பதில் எழுதினேன். பணம் கொடுத்தவர்கள் என் அப்பாவும் என் அம்மாவும். பின்னணியில் வேறு யாரும் இல்லை. மொத்தம் மூவாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.